பாதியில் அணைந்துபோகும் தராசு

இணையக் கடையில் விலை இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, "நீ வைத்திருக்கும் சமையலறைத் தராசை வாங்கலாமா?" என்று தோழி கேட்டாள். ஐந்து கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் அன்றாடம் புழங்கியவள் என்ற முறையில் மற்றதைச் சொல்கிறேன்.

என் கணவருக்குச் சர்க்கரை. சோற்றைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். எவ்வளவு சாப்பிடுகிறார் என்றே தெரியாமல் எவ்வளவைக் குறைப்பது? தராசு வீட்டுக்கு வந்தது அதற்காகத்தான். ஆனால் அது முதலில் பிடித்துக் கொடுத்தது எண்ணெயை.

நல்லெண்ணெய் பாட்டிலைத் தட்டில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் திரை பூஜ்யத்துக்கு வரும். பாட்டிலை எடுத்து, வாணலியில் ஊற்றிவிட்டு, திரும்ப வைத்தால் ஊற்றிய அளவைக் கழித்தல் குறியோடு காட்டும். ஸ்பூனும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். கத்தரிக்காய் வதக்க நான் கைப்பழக்கத்தில் ஊற்றியது 18 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்றால் எண்ணெய் மட்டும் 162. கால் கிலோ கத்தரிக்காயில் அதில் பாதிகூடக் கிடையாது. காய்தானே என்று எங்கள் வீட்டில் தாராளமாகப் பரிமாறிக்கொண்டிருந்த பொரியலின் கதை இது!

சோற்றுக்கும் வழி கிடைத்தது. கலோரி கணக்குப் பார்க்கும் செயலியில் 'சாதம் ஒரு கிண்ணம்' என்று தேடினால் ஆளுக்கொரு கணக்கு வருகிறது. யார் வீட்டுக் கிண்ணமோ. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 528 உணவுப்பொருட்கள் இருக்கின்றன. அதிலுள்ள சத்துக் கணக்கு பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கு, 100 கிராமுக்கு இவ்வளவு என்று. அதனால் அரிசியைப் பச்சையாகவே நிறுக்கிறேன். வெந்த பிறகு பானையோடு நிறுத்து, பானையின் எடையைக் கழித்தால் சோற்றின் எடை. 100 கிராம் அரிசி கிட்டத்தட்ட 350 கலோரி. அது சோறானால் தண்ணீரைப் பொறுத்து இரண்டரை, மூன்று மடங்கு எடைக்கு வரும். அவர் தட்டில் விழும் பங்கு எவ்வளவு என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

துல்லியத்தில் குறையே இல்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். பத்தைச் சேர்த்து வைத்தால் இன்றும் 77 என்றே காட்டுகிறது.

இவ்வளவு நல்ல பொருளை ஒரே ஒரு குணம் கெடுக்கிறது. சிறிது நேரம் எடை மாறாமல் இருந்தால் போதும், தானாக அணைந்துவிடும். பாத்திரத்தை வைத்து, டேர் அழுத்தி, துவரம்பருப்பைப் போட்டு, டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினால் திரை இருட்டு. மறுபடி உயிர்ப்பித்தால் பாத்திரத்தையும் பருப்பையும் சேர்த்தே பூஜ்யம் என்கிறது. போட்ட பருப்பு எவ்வளவு? எல்லாவற்றையும் கொட்டி, முதலிலிருந்து நிறுக்க வேண்டும். பருப்பையாவது கொட்டலாம், வாணலியில் ஊற்றிய எண்ணெயை என்ன செய்வது? கடுகு வெடிக்கும்போது பாட்டிலோடு தராசை நோக்கி ஓட முடியுமா? எந்த வசதிக்காக இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினேனோ, அந்த வசதியையே அது தின்றுவிடுகிறது.

பேட்டரி தொடும் கம்பி துருப்பிடித்ததால் போன வாரம் பழுதுபார்க்கக் கொடுத்தேன். அணையும் நேரத்தைக் கூட்ட முடியுமா என்று கேட்டதற்கு, "பேட்டரியை மிச்சப்படுத்தத்தான் மேடம்" என்று பதில் வந்தது. ஒரு ஜோடி பேட்டரி மாதக்கணக்கில் ஓடுகிறது. மாதம் ஒரு ஜோடி போடவும் நான் தயார். மிச்சப்படுத்த வேண்டியது பேட்டரியையா, அடுப்படியில் நிற்பவரின் பொறுமையையா? நிறுக்கும் பாகத்தை இவ்வளவு அக்கறையோடு செய்தவர்கள், ஒரு நாள் இதை வைத்துச் சமைத்துப் பார்த்திருந்தால் இந்தக் குறை கண்ணில் பட்டிருக்கும்.

தோழியிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். தானாக அணைவதை நிறுத்திவைக்கும் வசதியோடு வேறு தராசுகள் வருகின்றன. விலை இரண்டு மடங்கானாலும் அதில் ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். கூடவே, பாட்டிலை வைத்து எண்ணெய் அளக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தேன்.