கப்பல் படத்துக்கு எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா?

கப்பல்களின் உருவப்படம் வரைய ஆரம்பித்தால் இந்தக் கேள்வி முதல் ஆண்டிலேயே வந்து நிற்கும். இரண்டிலும் வரைந்துவிட்டு நான் எண்ணெய் வண்ணத்தோடு தங்கிவிட்டேன்.

நீர்வண்ணம் செலவு குறைவு, சீக்கிரம் காயும். நேர்த்தியிலும் குறையில்லை. 1765இல் பிறந்த, பிரான்சின் மார்செய் நகர ஓவியர் அந்துவான் ரூ தீட்டிய நீர்வண்ணப் படங்களில் பாய்மரக் கயிறுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

என்னை எண்ணெய்ப் பக்கம் இழுத்தது திருத்தும் வசதி. கப்பல் படம் கேட்பவர் பெரும்பாலும் அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர். வானமும் அலையும் அவருக்கு அப்புறம்தான். புகைபோக்கியின் நிறம், கொடி, உயிர்காப்புப் படகுகளின் எண்ணிக்கை, இவற்றில்தான் முதலில் கண் போகும். ஒரு முறை ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர், "நான் இருந்தப்போ புகைபோக்கி கறுப்பு இல்லையே, மஞ்சள்" என்றார். கப்பல் கைமாறும்போது புகைபோக்கிக்குப் புது முதலாளியின் நிறம் வந்துவிடும். நான் பார்த்து வரைந்த புகைப்படம் அவர் காலத்துக்குப் பிந்தையது. எண்ணெய்ப் படம் என்பதால் காய்ந்த கறுப்பின்மேல் மஞ்சளை ஏற்றினேன். நீர்வண்ணத்தில் கறுப்பு காகிதத்துக்குள் ஊறிவிடும், மேலே வேறு நிறம் வைத்தால் திட்டுத் தெரியும். புதுத் தாள்தான்.

கயிறுகளுக்கும் இதே கதை. வானம் நன்றாகக் காய்ந்தபின் நீண்ட மயிர் கொண்ட ரிக்கர் தூரிகையால் இழுக்கிறேன். அந்தப் பெயரே கப்பல் கயிறுகளை வரைந்ததால் வந்தது. கோடு கோணினால் உடனே துணியால் துடைத்துவிடலாம், அடியில் வானம் கலையாது. கோபன்ஹேகனில் 1850இல் பிறந்து அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கப்பல்களை எண்ணெயில் தீட்டிய அந்தோனியோ ஜேக்கப்சனை நினைக்கும்போது, இந்த வசதி இல்லாமல் அத்தனை கப்பல்களா என்று தோன்றும்.

வெளிச்சமும் ஒரு காரணம். நீர்வண்ணம் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும் என்பதால், அருங்காட்சியகங்களில் அதற்கு வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான், எண்ணெய்க்கு 200 வரை விடுவார்கள். வீட்டு வரவேற்பறையில் யார் அப்படி அளந்து மாட்டுகிறார்கள்? ஆனால் எண்ணெய்ப் படத்தை இருட்டில் வைத்தால் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

நீர்வண்ணத்தில் நான் முடித்த கப்பல்கள் பத்துகூட இருக்காது. கை பழகியவருக்கு என் சிரமம் இல்லாமலும் போகலாம். இரண்டு வாரத்தில் படம் வேண்டும் என்று யாராவது கேட்டால் நானும் தாளைத்தான் எடுக்கிறேன். அதற்கு முன் பென்சில் வரைவை அனுப்பி, புகைபோக்கி நிறத்தை அவரிடமே எழுதி வாங்கிவிடுகிறேன்.