அரோவானாவுக்கு எதைப் போடுவது: ஃபீடர் மீனா, பூச்சியா, இறாலா, பெல்லட்டா?

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் அரோவானா மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையில் அரோவானா இருக்கும் பை. இன்னொரு கையில் இருபது முப்பது குட்டி கோல்டு ஃபிஷ் நெளியும் பை. நானும் அப்படித்தான் வாங்கி வந்தேன். எட்டு அங்குல சில்வர் அரோவானா. "இது உயிரோட இருக்கிறதைத்தான் தின்னும், வேற எதையும் தொடாது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சை அப்படியே நம்பியதால் என் மீன் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. புதிதாக அரோவானா வாங்குகிறவர்களுக்கு அந்த நிலை வரக் கூடாது. அதற்காகத்தான், நாம் வழக்கமாகப் போடும் நான்கு வகை இரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், "காட்டில் அது மீனைத்தானே தின்கிறது" என்ற வாதம். அரோவானாவின் உடம்பே இதற்குப் பதில் சொல்லிவிடும். முதுகு நேர்கோடாக இருக்கும், வாய் மேல்நோக்கித் திறக்கும், தாடையில் இரண்டு மீசை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நீர்ப்பரப்பில் விழுவதைப் பிடிக்கவே அமைந்த உடம்பு அது. சில்வர் அரோவானாவின் சொந்த ஊர் அமேசான் படுகை. மழைக்காலத்தில் அங்கே ஆறு கரை தாண்டிக் காட்டுக்குள் ஏறிவிடும். மரக்கிளைகள் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே தொங்கும். அந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கும் வண்டையும் சிலந்தியையும் இது எகிறிப் பிடிக்கும். அதனால் இதற்குத் தண்ணீர்க் குரங்கு என்றே ஒரு பெயர் உண்டு. மீனும் தின்னும்தான், ஆனால் அங்கே அதன் உணவில் பெரும்பங்கு பூச்சிகள். கோல்டு ஃபிஷ்ஷோ சீனாவில் கெண்டை இனத்திலிருந்து மனிதர்கள் வளர்த்து உருவாக்கியது. அமேசானில் இரண்டும் சந்தித்துக்கொள்ள வழியே இல்லை. ஆகவே கோல்டு ஃபிஷ் போடுவதை இயற்கை உணவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஃபீடர் மீன்

பெரிய மீனுக்கு இரையாகப் போடவே விற்கும் குட்டி மீன்தான் ஃபீடர் மீன். இதன் நல்ல பக்கத்தை மறைக்க மாட்டேன். எந்த அரோவானாவும் இதை மறுக்காது. புதிதாக வந்து மிரண்டு மூலையில் ஒதுங்கி நிற்கும் மீன்கூட, துள்ளும் இரையைக் கண்டால் அசையும். அவ்வளவுதான் இதன் பெருமை.

ஃபீடர் மீன்களை யாரும் வளர்ப்பு மீனாக நினைத்துப் பார்த்துக்கொள்வதில்லை. ஒரு சின்னத் தொட்டியில் நூற்றுக்கணக்கில் நெருக்கி வைத்திருப்பார்கள். அதில் தினமும் பத்து செத்து மிதக்கும், மிச்சம் விற்கும். அந்த நெரிசலில் வெள்ளைப்புள்ளி நோய், செவுள் புழு, மீன் பேன், நங்கூரப் புழு எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. கப்பி, மோலி மாதிரி குட்டி போடும் மீன்களில் கமலானஸ் என்ற சிவப்புப் புழு குடலுக்குள் இருக்கும். ஆசனவாயில் சிவப்பு நூல் போலத் தெரிகிற பிறகுதான் நமக்குப் புரியும். இந்த இரை அரோவானாவின் வாய்க்குள் போகும்போது அதிலுள்ள ஒட்டுண்ணியும் சேர்ந்து போகிறது. அதைவிட, பையோடு நாம் ஊற்றும் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் போகிறது.

எனக்கு வந்தது நங்கூரப் புழு. மூன்றாவது வாரம் முதுகுத் துடுப்பின் அடியில் வெள்ளை நூல் மாதிரி ஒன்று தொங்கியது. கழிவாக இருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். நூல் நான்கானது, சுற்றிலும் தோல் சிவந்தது. மீன் கண்ணாடியிலும் ஃபில்டர் குழாயிலும் போய் உரசிக்கொண்டே இருந்தது. வெளியே தெரிகிற அந்த நூல் பெண் புழுவின் வால் பக்கம். அதன் தலை சதைக்குள் நங்கூரம் போலக் கொக்கி மாட்டியிருக்கும். மீனைப் பிடித்து, ஈரத் துணியில் படுக்க வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. அதோடும் முடியாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழுக்கள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும் என்பதால் வாரக் கணக்கில் மருந்து போட்டு, தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் மீன் பிழைத்தது. ஆனால் இரண்டு செதில் கோணலாகத்தான் முளைத்தது.

கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து இது. தெரியாத ஒன்று தயமினேஸ். கோல்டு ஃபிஷ் உட்பட கெண்டைக் குடும்ப மீன்கள் பலவற்றில் இருக்கும் ஒரு நொதி இது. வைட்டமின் பி1, அதாவது தயமினை, இது உடைத்துவிடும். 1932இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு நரிப் பண்ணையில் பச்சைக் கெண்டை மீன் போட்டு வளர்த்த நரிகள் பக்கவாதம் வந்து விழுந்தன. காரணம் இந்த நொதிதான் என்று பின்னால் தெரிந்தது. அமெரிக்கப் பேரேரிகளிலும் தயமினேஸ் நிறைந்த மீன்களைத் தின்ற சால்மன், டிரவுட் மீன்களின் குஞ்சுகள் பி1 குறைபாட்டால் செத்திருக்கின்றன. அரோவானாவிலும் பலன் இதே வழியில்தான் வரும்: முதலில் பசி குறையும், பிறகு நீச்சலில் தடுமாற்றம், கடைசியில் வலிப்பு மாதிரி சுழலும். ஒரு தடவை போட்டால் ஒன்றும் ஆகாது. மாதக் கணக்கில் வேறு எதுவும் இல்லாமல் இதையே போடும்போதுதான் பிரச்சினை. ஃப்ரீசரில் வைத்தால் இந்த நொதி அழியாது, வேகவைத்தால் அழியும். இதை நினைவில் வையுங்கள், இறாலுக்குப் போகும்போது மறுபடி தேவைப்படும்.

முள் இன்னொரு விஷயம். கெளுத்திக் குஞ்சைச் சிலர் போடுகிறார்கள். கெளுத்தியின் பக்கத் துடுப்பு முள் விரிந்து பூட்டிக்கொள்ளும் என்பது மீன் கழுவிய எல்லோருக்கும் தெரியும். அது அரோவானாவின் தொண்டையில் விரிந்தால் நாம் செய்வதற்கு அதிகம் இல்லை. ஜிலேபிக் குஞ்சின் முதுகு முள்ளும் லேசுப்பட்டதல்ல.

உயிர் மீன்தான் போட வேண்டும் என்று இருப்பவர்களுக்கு நான் ஏற்றுக்கொள்கிற வழி ஒன்று உண்டு. நல்ல ஆரோக்கியமான கப்பி ஜோடிகளை வாங்கி, தனித்தொட்டியில் ஒரு மாதம் பார்த்து, அவை போடும் குட்டிகளை வீட்டிலேயே வளர்த்துப் போடுங்கள். கப்பியில் தயமினேஸ் தொல்லை இல்லை. ஆனால் முக்கால் அடி தாண்டிய அரோவானாவுக்கு ஒரு கப்பி சுண்டல் ஒன்று மாதிரி. அதன் வயிறு நிரம்ப எத்தனை தொட்டி வைப்பீர்கள்?

தவளை, எலிக்குட்டி போடுவதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். காட்டுத் தவளையில் ஒட்டுண்ணி அதிகம், எலியின் கொழுப்பு இந்த மீனின் உடம்புக்கு ஒத்துவராது. மாட்டு இதயம், கோழி ஈரல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

பூச்சி

உயிர் இரைகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் பூச்சியைச் சொல்வேன். அரோவானாவின் வாய் இதற்காகவே படைக்கப்பட்டது. அதோடு, மீனைத் தாக்கும் நோய்களில் பெரும்பாலானவை நிலத்தில் வாழும் சுவர்க்கோழியில் தங்குவதில்லை.

ஆனால் எங்கிருந்து வந்த பூச்சி என்பதுதான் கேள்வி. வயலில் பிடித்த வெட்டுக்கிளியில் பூச்சிமருந்து இருக்கலாம். வீட்டுக் கரப்பான் எந்த மருந்தை நக்கிவிட்டு வந்ததோ தெரியாது. பண்ணையில் வளர்த்த சுவர்க்கோழி, சூப்பர் வோர்ம், மீல் வோர்ம் (இவை இரண்டும் வண்டின் புழுக்கள்) கிடைத்தால் மட்டும் போடுங்கள். வாங்கி வந்ததும் ஒரு நாள் கேரட், கீரை கொடுத்து வைத்திருங்கள். பூச்சியின் வயிற்றில் இருப்பதும் சேர்ந்துதான் மீனுக்குப் போகிறது. சுவர்க்கோழியின் பின்னங்காலில் ரம்பம் மாதிரி முள் இருக்கும், அதைக் கிள்ளிவிடுங்கள். சூப்பர் வோர்மில் கொழுப்பு அதிகம், ஒரு வேளைக்கு இரண்டு மூன்று போதும்.

பூச்சியில் எனக்கு இருக்கும் பெரிய பயம் குதிப்பதுதான். மேலிருந்து பூச்சி விழும் என்று பழகிய அரோவானா, மூடியில் ஒரு பல்லி ஓடினாலும் எகிறும். கனமான, முழுசாக மூடுகிற மூடி இல்லாத வீட்டில் பூச்சி போடவே கூடாது. ராத்திரி குதித்து, காலையில் தரையில் காய்ந்து கிடந்த அரோவானாவைப் பற்றி இந்த வட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும்.

டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையிலும் கழிவுநீர்க் கால்வாயிலும் வளர்வது. அதைப் பூச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இறால்

நம் ஊரில் அரோவானா வளர்க்க ஒரு பெரிய வசதி, சந்தைக்குப் போனால் இறால் கிடைக்கும். இறால் ஓட்டில் இருக்கும் நிறமிகள் மீனின் நிறத்துக்கு நல்லது. மீனால் இந்த நிறமிகளைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, இரையிலிருந்துதான் எடுக்க வேண்டும். சிவப்பு, தங்க நிற ஆசிய அரோவானா வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். (அந்த இனம், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, மைக்ரோசிப்பும் சான்றிதழும் உள்ள மீனாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.)

நான் செய்வது இதுதான். தலையைக் கிள்ளி எறிவேன், நெற்றியில் இருக்கும் கொம்பு குத்தும். முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுப்பேன். மீன் சின்னதாக இருந்தபோது ஓட்டையும் உரித்தேன், இப்போது வால் பக்கத்து மெல்லிய ஓட்டை விட்டுவிடுகிறேன். நன்றாகக் கழுவி, ஒரு வேளைக்கு ஆகும் அளவில் பிரித்து ஃப்ரீசரில் ஒரு வாரமாவது வைப்பேன். அந்தக் குளிரில் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் செத்துவிடும். பாக்டீரியா சாகாது, உறங்கும். அதனால் வெளியே எடுத்து உருகியதை மறுபடி உறைய வைப்பதில்லை. சில இறால் வகைகளிலும் தயமினேஸ் இருக்கிறது. ஆகவே ஒரு தடவை விட்டு ஒரு தடவை இறாலைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, ஆறவைத்துத் தருவேன். உப்பு, மஞ்சள் எதுவும் கூடாது.

ஃபீடர் மீனோடு ஒப்பிட்டால் இறால் எத்தனையோ மடங்கு பாதுகாப்பு. குறை என்னவென்றால், இறால் மட்டுமே போட்டால் சத்து முழுசாக வராது, தின்றது போக மிச்சம் தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும். பத்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, இறால் மூழ்கிவிடும். அடியிலேயே தேடிப் பழகினால் அரோவானாவின் கண் கீழ்நோக்கிச் சரியும் என்று பலர் சொல்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் கொழுப்பு சேர்வதுதான் காரணம் என்று வேறு பலர் சொல்கிறார்கள். எது சரியோ, இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றுதான்: கொழுப்பைக் குறையுங்கள், இரையை மேலேயே காட்டுங்கள். நான் நீளமான இடுக்கியில் பிடித்து நீர்மட்டத்தில் நீட்டுகிறேன்.

பெல்லட்

என் தீர்ப்பு பெல்லட்டுக்குத்தான், அதாவது டப்பாவில் விற்கும் உலர்ந்த மீன் தீவனத்துக்கு. உணவில் பாதிக்கு மேல் இதுவாக இருக்கட்டும். பி1 உட்பட வைட்டமின்கள் சேர்த்துச் செய்தது, ஒட்டுண்ணி வராது, ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கூட அளந்து போட முடியும். மிதக்கும் குச்சி வகையைத்தான் வாங்க வேண்டும், மூழ்கும் வகையை அரோவானா பெரும்பாலும் கவனிக்காது. பெரிய டப்பாவில் லாபம் பார்க்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் திறந்த டப்பா பூஞ்சை பிடிக்கும், வைட்டமின் சி நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும். சின்ன டப்பா வாங்கி, இறுக்கி மூடி, இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

இதன் ஒரே பிரச்சினை, மீன் எளிதில் ஒப்புக்கொள்ளாது. உயிர் இரை தின்று பழகிய மீன் பெல்லட்டை வாயில் வாங்கித் துப்பும். இங்கேதான் பலர் மனம் இளகி மறுபடி ஃபீடர் மீன் வாங்கப் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். நன்றாகச் சதைப்பிடித்திருக்கும், அரை அடி தாண்டிய அரோவானா ஒன்றிரண்டு வாரம் பட்டினி கிடந்தாலும் கெட்டுப்போகாது. குட்டி மீனையும், நோயிலிருந்து எழுந்த மீனையும் மட்டும் பட்டினி போடக் கூடாது.

என் மீனை மாற்றியது இப்படி. நான்கு நாள் எதுவும் போடவில்லை. ஐந்தாம் நாள் இறால் துண்டு, அது பாய்ந்து தின்றது. அடுத்த நாளிலிருந்து இறால் துண்டுக்குள் ஒரு பெல்லட் குச்சியைச் செருகிக் கொடுத்தேன். இரண்டு நாள் துப்பியது, மூன்றாம் நாள் விழுங்கியது. நாளுக்கு நாள் இறாலைச் சின்னதாக்கினேன். பதினாறாம் நாள் காலை வெறும் குச்சி ஒன்றைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். அது மீசையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தது, ஒரு சுற்று சுற்றி வந்தது, பிறகு சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டது. நான் சமையலறைக்கு ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

இப்போது அது இரண்டு அடியைத் தாண்டிவிட்டது. குட்டியாக இருந்தபோது நாளுக்கு இரண்டு மூன்று வேளை போட்டேன். இப்போது ஒரே வேளை, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. நான்கு நாள் பெல்லட், ஒரு நாள் இறால், ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு சுவர்க்கோழி. ஞாயிறு மட்டும் மூடியின் மேல் இரண்டு செங்கல் வைத்துவிட்டு, சின்ன ஓட்டை வழியாகத்தான் போடுகிறேன்.