பிளக் பாயிண்டுக்குள் பச்சை வயர் இருக்கிறதா? கடைசித் தவணை கொடுக்கும் முன் கழற்றிப் பாருங்கள்

வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். பால் காய்ச்சிக் குடிபோய் நான்கே மாதம் ஆன ஒரு வீட்டில் நடந்தது. சமையலறையில் வெறுங்காலோடு ஃபிரிட்ஜ் கதவைத் தொட்ட வீட்டம்மாவுக்கு ஷாக் அடித்தது. அடித்த அதே நொடி ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து கரண்ட் நின்றதால் பிழைத்தார். வயரிங் செய்தவரைக் கூப்பிட்டார்கள். வந்து போர்டைத் திறந்து எதையோ முறுக்கினார். "இந்த ஆர்.சி.சி.பி. பீஸே கம்ப்ளெயிண்ட்டுங்க, சும்மா சும்மா ட்ரிப் ஆகும்" என்று அதை பைபாஸ் செய்து நேரடியாகக் கொடுத்துவிட்டு, கூலியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் அந்த ஆர்.சி.சி.பி.தான்.

வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டைக் கழற்றியபோது விஷயம் வெளியே வந்தது. நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு இரண்டு அங்குலக் கறுப்பு வயர் ஒன்று மாட்டியிருந்தது. எர்த்துக்கான பச்சை வயரே கிடையாது. டி.பி.யிலிருந்து (வீட்டின் எல்லா வயரும் கிளம்பும் மெயின் போர்டு) சமையலறைக்கு பேஸ், நியூட்ரல் இரண்டை மட்டும் இழுத்துவிட்டு, மேலே உள்ள பெரிய ஓட்டைக்கு நியூட்ரலிலிருந்தே லூப் அடித்திருக்கிறார். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில் எர்த்தும் சேர்த்திதான். பச்சைச் சுருளுக்குக் கடை பில்லும் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

இந்த ஏமாற்று ஏன் கண்ணில் படுவதில்லை? பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் பிடித்தால் எரியும். மல்டிமீட்டர் 230 வோல்ட் காட்டும். மூன்று விளக்கு வைத்த பிளக் டெஸ்டரும் 'சரி' என்றே சொல்லும். நியூட்ரல் இறுக்கமாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. போர்டுக்கு வரும் நியூட்ரல் ஒரு நாள் லூஸாகிக் கழன்றால், ஓடிக்கொண்டிருக்கும் சாமானின் வழியாக வரும் பேஸ் திரும்பிப் போக வழியில்லாமல், அந்த இரண்டு அங்குல வயர் வழியே ஃபிரிட்ஜின் தகரத்துக்கு வந்து நிற்கும். எம்.சி.பி. (ஷார்ட் ஆனாலோ லோடு மீறினாலோ விழும் சுவிட்ச்) விழாது, ஏனென்றால் அங்கே ஷார்ட் எதுவும் இல்லை. தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அணையுங்கள், ஆர்.சி.சி.பி.யை ஆஃப் செய்யுங்கள். அது பேஸ், நியூட்ரல் இரண்டையுமே துண்டிக்கும். சாக்கெட்டில் வோல்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்தபின், மீட்டரைக் கன்டினியூட்டிக்கு (இரு முனைக்கும் இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலை) மாற்றி நியூட்ரல் ஓட்டைக்கும் எர்த் ஓட்டைக்கும் வையுங்கள். 'பீப்' வந்தால் எங்கோ லூப் இருக்கிறது. வராவிட்டாலும் அதோடு நிறுத்தாதீர்கள், எர்த்தே இல்லாமலும் இருக்கலாம். டி.பி.யின் எர்த் பாரிலிருந்து ஒரு நீள வயரை எடுத்துவந்து சாக்கெட்டின் எர்த் ஓட்டையோடு சோதியுங்கள். இங்கே 'பீப்' வந்தே ஆக வேண்டும், மீட்டரில் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். டி.பி.க்குள் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள், மின் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரை வைத்துச் செய்யுங்கள். வயரிங் செய்த அதே ஆளை மட்டும் கூப்பிடாதீர்கள்.

சாக்கெட்டைக் கழற்றியதோடு இன்னும் இரண்டு இடத்தைப் பாருங்கள். எதிரே நின்று பார்த்தால் வலது ஓட்டைக்கு பேஸ், இடதுக்கு நியூட்ரல். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும். அடுத்து, திருகுக்குள் போகும் கம்பி இழைகள். 4 ஸ்கொயர் எம்.எம். வயர் துளைக்குள் நுழையவில்லை என்று நாலைந்து இழையை கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடுவார்கள். 4 ஸ்கொயருக்குக் காசு கொடுத்தும் அந்த முனையில் கிடைப்பது குறைந்த வயர்தான். கீசர் பிளக் கறுத்துப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட முனையிலும், இன்சுலேஷன் மேலேயே திருகை இறுக்கிய முனையிலும்தான். பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 என்று பேசிவிட்டு 1.5-ஐ இழுத்து 20 ஆம்ப் எம்.சி.பி. மாட்டுவதும் நடக்கிறது. அங்கே எம்.சி.பி. விழுவதற்கு முன்னால் வயர் சுட்டுவிடும்.

வயரிலேயே ஏமாற்றுவது தனி. 90 மீட்டர் 2.5 ஸ்கொயர் சுருளில் செம்பு மட்டுமே ஏறக்குறைய 2 கிலோ இருக்க வேண்டும். மேல் உறையோடு சேர்த்தும் தராசில் 2 கிலோ வரவில்லையா, திருப்பிக் கொடுங்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

வயர் இழுத்து முடித்து, சுவிட்ச் பிளேட் மாட்டும் முன் ஒவ்வொரு பாக்ஸையும் பச்சை வயர் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். வேலை முடிந்தும் பச்சைச் சுருள் பிரிக்காமலே கிடந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சுவரை உடைக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் பழைய நியூட்ரலின் முனையில் புது நியூட்ரலையும் பச்சையையும் சேர்த்துக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்தார்கள். அதே பைப்பில் இரண்டும் வந்துவிட்டன. லூப்பை எடுத்து, ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப மாட்டி, டெஸ்ட் பட்டனை அழுத்தினார்கள். உடனே விழுந்தது.