பெர்ஃப், கால்கிரைண்ட், ஜிப்ரோஃப்: ஏழாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட ஒரு சர்வர் நிரலை லினக்ஸில் ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நிரல் எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்பதைக் கண்டறிய இக்காலத்தில் பல ப்ரொஃபைலர்களை மாறிமாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். கருவி எதுவாயினும், ஸ்டேக்கை (எந்த ஃபங்க்ஷனை எது அழைத்தது என்ற அடுக்கை) அது எவ்வாறு எடுக்கிறது என்று தெரியாமல் அதன் முடிவை நம்பக்கூடாது என்பதே நான் தாமதமாகக் கற்ற பாடம்.

ஜிப்ரோஃப் 1982 முதல் இருக்கும் கருவி. ஒரு ஃபங்க்ஷன் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்பதை அது சரியாக எண்ணும். ஆனால் அதன் நேரத்தை அழைத்தவர்களுக்குப் பங்கிடும்போது, ஒவ்வோர் அழைப்பும் சராசரியாக ஒரே நேரம் எடுத்ததாகக் கொள்ளும். பத்து பைட் செய்தியையும் பத்து எம்பி செய்தியையும் ஒரே ஃபங்க்ஷன் கையாளும் எங்கள் நிரலில் இந்த ஊகம் பொருந்தவில்லை. முதல் ஆண்டிலேயே அதைக் கைவிட்டேன்.

நிரல்களைச் சோதிக்கும் வால்கிரைண்ட் கருவித் தொகுப்பின் பகுதியான கால்கிரைண்டை இன்றும் விடவில்லை. அது நேரத்தை அளப்பதில்லை. இயக்கப்பட்ட கட்டளைகளை எண்ணுகிறது. ஒரே உள்ளீட்டுக்கு ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை வருவதால், ஒரு சிறு திருத்தம் உண்மையிலேயே பயன் தந்ததா என்று பார்க்க இதைவிட நம்பகமான வழி எனக்குக் கிடைக்கவில்லை. நிரல் பல பத்து மடங்கு மெதுவாகும் என்பதும், த்ரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடும் என்பதும் அதற்கான விலை. ஆகவே லாக்குக்காகவோ (ஒரு த்ரெட் மற்றவற்றைக் காக்க வைக்கும் பூட்டு) நெட்வொர்க்குக்காகவோ காத்திருக்கும் நேரத்தைக் கால்கிரைண்டில் தேடுவது வீண்.

பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் அளக்கப் பெர்ஃப்தான். 2009-இல் கர்னல் 2.6.31-உடன் வந்த இக்கருவியை நொடிக்கு 99 மாதிரிகள் (அந்தந்தக் கணத்தில் ஸ்டேக் இருந்த நிலை) எடுக்குமாறு இயக்குகிறேன். 100 என்று வைத்தால் நிரலுக்குள் சீரான இடைவெளியில் நடக்கும் வேலைகளோடு மாதிரி எடுப்பும் ஒத்து விழுந்து, அளவீடு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடலாம். முடிவுகளைப் பிரெண்டன் கிரெக் 2011-இல் உருவாக்கிய ஃபிளேம் கிராஃபாக, அதாவது ஸ்டேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றான பட்டைகளாகக் காட்டும் படமாக, பார்ப்பதே எளிது. அதில் அகலம் மாதிரிகளின் பங்கைக் குறிக்கிறது; இடமிருந்து வலமாகக் காலம் ஓடுவதாகப் படிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை.

பெர்ஃபில் நான் இழந்த வாரங்களுக்குக் காரணம் ஃபிரேம் பாயின்டர்; ஸ்டேக்கில் ஒவ்வொரு ஃபங்க்ஷனின் பகுதியும் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு அது. பெர்ஃப் வழக்கமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டேக்கில் ஏறுகிறது. கம்பைலரோ நிரலை வேகப்படுத்தும்போது அதை நீக்கிவிடுகிறது. எங்கள் நிரலை அதை நீக்காமல் கம்பைல் செய்த பிறகும், லைப்ரரிகள் பழையபடியே இருந்ததால் மெமரி ஒதுக்கும் ஃபங்க்ஷன்களை யார் அழைத்தார்கள் என்பது தெரியவில்லை. படத்தில் அவை வேரற்ற கோபுரங்களாக நின்றன. அந்தப் படத்தை நம்பி, குற்றமற்ற ஒரு பகுதியை முழுவதுமாகத் திருத்தி எழுதினேன். வேகம் சிறிதும் கூடவில்லை.

நிரலின் டீபக் தகவலைக் கொண்டு ஸ்டேக்கை மீட்கும் டிவார்ஃப் முறைக்கு மாறினால் ஃபிரேம் பாயின்டர் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் ஸ்டேக்கிலிருந்து 8192 பைட் நகலெடுக்கப்படுகிறது. 16 கோர்களும் முழுவேகத்தில் ஓடும் சர்வரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 780 எம்பி சேரும். உள்ளீட்டைப் பிரித்துப் படிக்கும் எங்கள் பார்சர் தன்னைத்தானே ஆழமாக அழைத்துக்கொள்வதால் அந்த 8192 பைட்டும் போதாமல் ஸ்டேக் பாதியில் நின்றது. லினக்ஸ் வெளியீடுகளான ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் தம் தொகுப்புகளை ஃபிரேம் பாயின்டருடன் கம்பைல் செய்யத் தொடங்கியதை, என் போன்றோருக்குக் கிடைத்த பெரிய உதவியாகவே கருதுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை இருந்தது. இவ்வாறு மாதிரி எடுக்கும்போது சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்கள் மட்டுமே சிக்கும். உறங்கும் த்ரெட் சிக்காது. ஒருமுறை கோரிக்கைகள் தேங்கி நின்றபோது சிபியு பெரும்பாலும் சும்மா இருந்தது. ஃபிளேம் கிராஃபிலும் குறை எதுவும் தெரியவில்லை. ஜிடிபி என்ற டீபகரை அந்த ப்ராசஸுடன் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுடன்) இணைத்து, எல்லாத் த்ரெட்களின் ஸ்டேக்கையும் சில நொடி இடைவெளியில் ஐந்து முறை எடுத்தேன். ஐந்திலும் பெரும்பாலான த்ரெட்கள் நிகழ்வுகளைப் பதியும் கோப்பில் எழுதுவதற்கான ஒரே மியூடெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) நின்றன. ஜிடிபி இணைந்திருக்கும் வரை ப்ராசஸ் நின்றுவிடும் என்பதால், இப்போது அதே வேலைக்கு லினக்ஸ் கண்காணிப்புக் கருவிகளின் பிசிசி தொகுப்பில் உள்ள, த்ரெட்கள் சிபியுவில் ஓடாமல் காத்திருக்கும் நேரத்தை அளக்கும் ஆஃப்சிபியுடைம் கருவியை முதலில் எடுக்கிறேன்.