ஃபர்னஸோடு ஒரு ஹியூமிடிஃபையர்: ஐந்து குளிர்காலம் கழித்து

கனடாவின் கால்கரியில் ஜனவரி வந்தால் வீட்டுக் காற்று வறண்டுபோய், கதவுக் கைப்பிடியைத் தொடவே பயம், சுளீரென்று ஷாக் அடிக்கும். சின்னவளுக்கு விடியற்காலையில் மூக்கில் ரத்தம். காற்றை ஈரமாக்க அறைக்குள் வைக்கும் கருவிக்குத் தினம் தண்ணீர் ஊற்றி அலுத்துப்போய், ஃபர்னஸில் (வீடு முழுவதற்கும் சூடான காற்றை அனுப்பும் கருவி) மாட்டும் பைபாஸ் வகை ஹியூமிடிஃபையரை வாங்கி நானே மாட்டினேன். ஃபர்னஸ் காற்றில் ஒரு பங்கைத் தனிக் குழாய் வழியே, தண்ணீர் ஓடும் ஒரு பேட் ஊடாக அனுப்பி ஈரமாக்குவது இது.

காற்றுக்குழாயின் தகரத்தை வெட்டி ஆறு அங்குல பைபாஸ் குழாயை இணைப்பது ஒரு சனிக்கிழமை வேலை. நான் சொதப்பியது வயரிங்கில்தான். தண்ணீரைத் திறக்கும் வால்வுக்கு 24 வோல்ட் போதும். ஃபர்னஸின் கட்டுப்பாட்டு சர்க்யூட் போர்டிலேயே அது இருக்கிறதே, தனி டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று அங்கிருந்தே எடுத்தேன். ஒயரின் ஓர் இழை தகரத்தில் உரசி, போர்டிலிருந்த 3 ஆம்பியர் ஃபியூஸ் போயே போய்விட்டது. வெளியே மைனஸ் 24, உள்ளே ஃபர்னஸ் கப்சிப். நல்லவேளை, அது காரில் போடும் தட்டை ஃபியூஸ்தான். உதிரிபாகக் கடை மூடுவதற்குள் ஓடி வாங்கி வந்தேன்.

மறுநாள் ஒழுங்காக, டிரான்ஸ்ஃபார்மரை போர்டில் ஹியூமிடிஃபையருக்கென்றே இருக்கும் 'ஹம்' (HUM) முனையில் கொடுத்தேன். என் போர்டில் அங்கே 120 வோல்ட், அதுவும் ஃபர்னஸ் சூடேற்றும்போது மட்டும் வரும். சில போர்டுகளில் அதே முனையில் 24 வோல்ட்தான் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் இணைக்காதீர்கள். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரின் 24 வோல்ட் பக்கம், ஹியூமிடிஸ்டாட் (ஈரப்பதம் குறைந்தால் இணைப்புக் கொடுக்கும் சுவிட்ச்), வால்வு மூன்றும் தொடர் இணைப்பில். சர்க்யூட் அவ்வளவுதான்.

முதல் வருடம் ஆசைப்பட்டு ஹியூமிடிஸ்டாட்டில் ஈரப்பதத்தை 45 சதவீதம் வைத்தேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அழுதது, கீழ்ச்சட்டம் ஊறிக் கறுத்தது. இப்போது வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் 35, மைனஸ் 20 என்றால் 25, மைனஸ் 30 என்றால் 15. மலையிலிருந்து வீசும் இந்த ஊர் சினூக் என்ற வெப்பக் காற்றுதான் தொல்லை. ஒரே நாளில் இருபது டிகிரி ஏறும், அதே வேகத்தில் இறங்கும். இறங்குவதற்குள் ஹியூமிடிஸ்டாட்டின் திருகைத் திருப்பி அளவைக் குறைக்க வேண்டும்.

இங்கே தண்ணீர் கடினம். அக்டோபரில் போடும் புதுப் பேட், பிப்ரவரியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். ஒருமுறை தண்ணீர் வரும் சின்னத் துவாரமே அடைத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து, மறுபடி ஷாக் அடித்தபோதுதான் தெரிந்தது.

ஒரு கோடையில் பைபாஸ் குழாயை மூட மறந்து, ஏசி சரியாகக் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டேன். அவர் வந்து குழாயை மூடும் தகட்டை ஒரு திருப்பு திருப்பி, வந்து போனதற்குக் காசு வாங்கிக்கொண்டு போனார்.