நாகர்கோவிலில் டின் ஆர்ட்டிசோக் கிடைக்குமா?

கிடைக்கும். ஆர்ட்டிசோக் என்பது காய்போலச் சமைக்கிற ஒரு பூமொட்டு. ரோம் மாதிரி வெளிநாட்டு ஊர்களிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் டின் சுமந்து வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அலமாரியில் தேடாதீர்கள், கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

முதலில் போனது ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். காளான் டின்னுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆர்ட்டிசோக் டின் இருந்தது. டின்னின் தகடு சேர்கிற ஓரம் நசுங்கியிருந்தது, இறக்குமதியாளர் பெயரும் இல்லை. விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஓரம் நசுங்கின, உப்பின டின்னை எந்த விலைக்கும் விற்கக் கூடாது. அப்படிப்பட்ட டின்னில் பாட்டுலிசம் என்கிற ஆபத்தான நோயைத் தரும் கிருமி வளரலாம்; அதன் நஞ்சுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

வடசேரிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் கேட்டேன். "என்னவாக்கும் அது?" என்றவர், போனில் படத்தைப் பார்த்ததும், "எண்ணெயில போட்டதா, உப்புத்தண்ணியில போட்டதா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "நாளைக்குச் சாயங்காலம் வாங்க அக்கா, திருவனந்தபுரத்துல கேட்டு எடுத்துத் தாறேன்." முன்பணம் வாங்கவில்லை. மறுநாள் டின்னைத் திருப்பி, இறக்குமதியாளர் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், காலாவதி தேதி எல்லாவற்றையும் அவரே விரல் வைத்துக் காட்டினார். விலையை ஒப்பிடுகிறவர்கள் வடித்த எடையை, அதாவது தண்ணீர் போக மிஞ்சும் காயின் எடையைப் பாருங்கள். 400 கிராம் டின்னில் பெரும்பாலும் 240 கிராம்தான் காய்.

ஆர்ட்டிசோக் சூரியகாந்திக் குடும்பத்து முள்செடியின் மொட்டு. பூக்கும் முன்னே பறித்து, முரட்டு மடலை உரித்து, அடிச்சதையையும் இளம் இதழையும் மட்டும் டின்னில் அடைக்கிறார்கள். வாழைப்பூவின் உள்குருத்து மாதிரி என்று சொன்னதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்போ தீயல்தான் மக்களே சரி" என்றாள். தீயல் என்றால் தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற புளிக்குழம்பு.

தண்ணீரை வடித்து, இரண்டு தடவை அலசி, உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுத்தோம். இதைச் செய்யாவிட்டால் இதழிடுக்கில் நிற்கிற உப்பும் புளிப்பும் குழம்பைக் கெடுத்துவிடும். தேங்காய்த் துருவல், சின்ன உள்ளி, மல்லி, வத்தல் மிளகாய் எல்லாவற்றையும் தேங்காயெண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்து அம்மா மையாக அரைத்தாள். டின்னில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பதால் புளியைப் பாதியாகக் குறைத்தோம், உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போட்டோம். காய் முன்னமே வெந்தது. குழம்பு வற்றி எண்ணெய் தெளிந்த பிறகு போட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் இதழ் இதழாகப் பிரிந்துபோகும். சூடான சம்பா அரிசிச் சோற்றோடு அருமையாக இருந்தது.

மிச்சக் காயை டின்னிலேயே விடாதீர்கள். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எண்ணெயில் ஊறின பாட்டில் தீயலுக்கு ஆகாது, அதில் பெரும்பாலும் பூண்டும் வினிகரும் சேர்ந்திருக்கும். உப்புத்தண்ணீர் டின் என்று சொல்லியே கேளுங்கள்.