கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கும் நாள்: என்எஃப்எஸ், எஸ்எம்பி, எஸ்எஸ்எச்எஃப்எஸ்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா மேசைகளிலும் லினக்ஸ். பொதுக் கோப்புகள் ஒரே சர்வரிலிருந்து, நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் முறையில் வரும். வடிவமைப்புப் பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவருடைய கணக்கை நானே அழித்தேன். அடுத்த மாதம் அதே இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். கணக்கு திறந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து கேட்டார்: "அண்ணா, இந்த ஃபைல் எல்லாம் என் பேர்ல இருக்கு. ஆனா நான் எதையும் தொடவே இல்லையே?"

போய்ப் பார்த்தால், முன்பு இருந்தவரின் சம்பளக் கடிதங்கள், வங்கிப் படிவங்கள் எல்லாம் இந்தப் புதியவருக்குத் திறந்து கிடந்தன. யாரும் எதையும் உடைத்து உள்ளே நுழையவில்லை. லினக்ஸில் புதுக் கணக்கு தொடங்கும்போது, பொதுவாக இருப்பதிலேயே பெரிய பயனர் எண்ணுக்கு அடுத்த எண் கிடைக்கும். போனவர்தான் கடைசியாகச் சேர்ந்தவர். அவருடைய எண் 1007. கணக்கை அழித்ததும் அந்த எண் காலியாகி, புதியவருக்கு அதுவே போய்ச் சேர்ந்தது. கோப்புகளின் மேல் எழுதியிருந்ததும் 1007தான். சர்வர் தன் கணக்குப்படி சரியாகவே நடந்துகொண்டது.

அதன் பிறகு, நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை இணைக்கும் எந்த முறையைப் பார்த்தாலும் வேகத்தையோ நிறுவும் சுலபத்தையோ நான் முதலில் கேட்பதில்லை. இணைப்பைத் திறக்கும் நேரத்தில் "நீ யார்" என்று கேட்பது யார்? கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க வேண்டிய நாளில் என்ன ஆகும்? இந்த இரண்டைத்தான் கேட்கிறேன். பெரும்பாலானோர் தேர்ந்தெடுக்கும் மூன்று முறைகளை அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறேன்.

என்எஃப்எஸ்: இயந்திரத்தை நம்பும் முறை

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது இது. ஒரு வளாகத்துக்குள் இருக்கும் கணினிகள் எல்லாம் ஒரே நிர்வாகியின் கையில் இருக்கும் என்ற காலத்தின் பிள்ளை. அந்த நம்பிக்கை இன்றும் அதன் எலும்பில் இருக்கிறது.

இயல்பான அமைப்பில் சர்வர் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காது. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எந்தக் கணினிக்கு எந்த அடைவு (ஃபோல்டர்) என்று எழுதி வைக்கிறோம். அந்த முகவரியிலிருந்து கோரிக்கை வந்தால் இணைப்பு திறக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்தக் கணினி "இதைக் கேட்பவர் 1007, அவருடைய குழு எண்கள் இவை" என்று சொல்லும். சர்வர் அதை அப்படியே நம்பும். ஆள் யார் என்று பார்த்தது அந்தப் பக்கத்துக் கணினி. சர்வர் எண்ணைக் கோப்பின் அனுமதியோடு ஒப்பிடுவதோடு சரி.

"ரூட் ஸ்குவாஷ் இருக்கிறதே, அது போதாதா" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கும் கணினியின் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி), அதாவது எண் 0, சர்வரில் யாருமற்றவராக, பொதுவாக 65534 என்ற எண்ணாக, மாற்றப்படுவார். இயல்பாகவே இயங்கும் நல்ல ஏற்பாடு இது. யாரும் அணைக்கக் கூடாது. ஆனால் அது காப்பது ரூட்டின் கோப்புகளை மட்டும். மேசைக் கணினியில் ரூட் அதிகாரம் உள்ளவர் ஒரே கட்டளையில் 1007ஆக மாறிக்கொண்டு கேட்டால் சர்வர் கதவைத் திறந்துவிடும். ஊழியர்களின் மடிக்கணினிகளில் அவரவர்க்கே ரூட் அதிகாரம் இருக்கும் இடத்தில் சாதாரண என்எஃப்எஸ் வைப்பது எனக்குச் சம்மதமே இல்லை.

இன்னும் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று, குழு எண்கள். இயல்பு முறையில் ஒரு கோரிக்கையோடு 16 துணைக் குழுக்கள் வரைதான் போகும். ஒருவர் 20 குழுக்களில் இருந்தால், பதினாறுக்கு மேல் உள்ளவை வழியிலேயே உதிர்ந்துவிடும். அனுமதி எல்லாம் சரியாக இருக்கும், கோப்பு மட்டும் திறக்காது. காரணம் தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். சர்வரே குழுக்களைத் தன்னிடம் பார்த்துக்கொள்ளும்படி மவுன்ட் (இணைப்பைத் திறக்கும்) சேவையில் ஒரு தேர்வு இருக்கிறது; அதைப் போட்டால் தீரும். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: குழுவிலிருந்து ஒருவரை நீக்கினால் சர்வர் பக்கமே அது செல்லுபடியாகும்.

மற்றொன்று ஓர் இடைவெளி. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயரும் அதற்குப் பின் வரும் அடைப்புக்குறியும் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு இடைவெளி விழுந்தால் பொருளே மாறிவிடும்: பெயர் சொன்ன கணினிக்கு இயல்பான, வாசிக்க மட்டுமான அனுமதி, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுதும் அனுமதியோ உலகத்துக்கே. இதை எழுதும் ஒவ்வொரு முறையும் நான் விரலை வைத்துப் படித்துப் பார்க்கிறேன்.

நான்காம் பதிப்பு வந்ததும் இதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அதில் கோப்பின் உரிமையாளர் எண்ணாக இல்லாமல் பெயரும் டொமைனுமாகப் போகலாம் என்பது உண்மை. ஆனால் கேட்பவர் யார் என்பது, ஆளை உறுதிசெய்யும் கெர்பரோஸ் என்ற ஏற்பாட்டைப் போடாதவரை, அதே எண்தான். கெர்பரோஸ் போட்டால் கதை வேறு. அதில் மூன்று படிகள்: ஆளை உறுதிசெய்வது மட்டும், அதோடு வழியில் எதுவும் மாற்றப்படவில்லை என்று சரிபார்ப்பது, முழுவதையும் மறைகுறியாக்குவது. முதல் படியே நான் சொன்ன பெரிய ஓட்டையை அடைத்துவிடும். நிறுவுவதற்கு உழைப்பு வேண்டும். கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும், சாவிக் கோப்புகளைப் பத்திரமாகக் காக்க வேண்டும். அந்த உழைப்புக்கு ஆள் இல்லாத சிறிய அலுவலகங்கள்தான் அதிகம் என்பதே சிக்கல்.

எஸ்எம்பி: ஆளைக் கேட்கும் முறை

விண்டோஸ் ஷேர் என்று எல்லோரும் அறிந்தது. லினக்ஸ் சர்வரில் இதே வேலையைச் செய்வது சாம்பா. இங்கே இணைப்பு மூன்று கட்டமாகத் திறக்கிறது. முதலில் ஆள் தன்னை நிரூபிக்க வேண்டும், பாஸ்வேர்டாலோ கெர்பரோஸ் டிக்கெட்டாலோ. அடுத்து குறிப்பிட்ட ஷேருக்குள் நுழைய அனுமதி உண்டா என்று பார்க்கப்படும். மூன்றாவதாக, ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் "எனக்கு வாசிக்க வேண்டும்" அல்லது "எழுதவும் அழிக்கவும் வேண்டும்" என்று கேட்டு வாங்க வேண்டும். மேசைக் கணினியின் ரூட் என்ன சொன்னாலும், சர்வர் தன்னிடம் நிரூபித்த ஆளை மட்டுமே பார்க்கிறது. 1007 கதை இங்கே நடக்காது. விண்டோஸ் டொமைனில் (கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு) ஒவ்வொரு கணக்குக்கும் தரப்படும் அடையாள எண் இன்னொருவருக்குத் திரும்பப் போவதில்லை. கணக்கை அழித்தால் அனுமதிப் பட்டியலில் பெயர் போய் ஒரு நீண்ட எண் மட்டும் அநாதையாக நிற்கும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பாதுகாப்பானது. (லினக்ஸ் கணக்குகளின் மேல் ஓடும் சாம்பாவில் கோப்பின் மேல் இருப்பது லினக்ஸ் எண்தான். அங்கே எண்ணைத் திரும்பப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.)

அழிக்கும் உரிமை எழுதும் உரிமையிலிருந்து தனியாக இருப்பதும் எனக்குப் பிடித்தது. லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதை அது இருக்கும் அடைவின் எழுதும் அனுமதி முடிவு செய்கிறது. புதியவர்களுக்கு இதை விளக்கும்போது ஒவ்வொரு முறையும் புருவம் உயர்கிறது.

குழப்பம் வருவது இரட்டைப் பூட்டில். ஷேருக்கு ஒரு அனுமதி, உள்ளே கோப்புகளுக்கு ஒரு அனுமதி. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். இரண்டிலும் கை வைத்தால் ஆறு மாதத்தில் யாருக்கும் எதுவும் புரியாது. ஷேர் மட்டத்தில் அலுவலகப் பயனர்கள் அனைவருக்கும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, உண்மையான கட்டுப்பாட்டை உள்ளே ஃபோல்டர்களில், தனி ஆட்களுக்கு இல்லாமல் குழுக்களுக்கு வைப்பதே நான் கடைப்பிடிப்பது. சாம்பாவிலும் அதே கதைதான்: அமைப்புக் கோப்பில் எழுதும் அனுமதி கொடுத்துவிட்டு, அடியில் லினக்ஸ் அடைவின் அனுமதியை மறந்துவிட்டால் கதவு திறக்காது.

ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் கணினியில் எஸ்எம்பி ஷேரை ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்து நிரந்தரமாக மவுன்ட் செய்தால், அந்தக் கணினியில் உட்காரும் எல்லோரும் சர்வருக்கு அந்த ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள். மவுன்ட் செய்யும்போது கொடுக்கும் உரிமையாளர் எண், கோப்பு முறை எல்லாம் இந்தப் பக்கத்துக் காட்சியும் தடுப்பும் மட்டுமே. பாஸ்வேர்டு இருக்கும் கோப்பு எல்லோரும் வாசிக்கும்படி கிடந்தால் இன்னும் மோசம். பலர் பகிரும் கணினி என்றால் பல பயனர் தேர்வோடு, கெர்பரோஸ் வைத்து மவுன்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் எஸ்எம்பியின் பெரிய நன்மையை நாமே தூக்கி எறிந்ததாகிவிடும்.

எஸ்எஸ்எச்எஃப்எஸ்: ஒருவருக்கு மட்டும்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து பாதுகாப்பாகச் சர்வருக்குள் நுழையும் வழி. அதில் கணக்கு இருந்தால் போதும், சர்வரில் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். இணைப்பைத் திறந்தவர் யாரோ அவருடைய உரிமைதான் எல்லாம். இயல்பாக, மவுன்ட் செய்தவரைத் தவிர அந்தக் கணினியின் ரூட்கூட உள்ளே பார்க்க முடியாது. மற்றவர்க்கும் அனுமதி என்ற தேர்வைப் போட்டால், அனுமதிச் சோதனைத் தேர்வையும் சேர்த்தே போடுங்கள்; மறந்தால் அந்தக் கணினியில் இருக்கும் எவரும் உங்கள் பெயரில் சர்வரில் எழுதலாம். வெளியாள் ஒருவருக்கு ஒரு ஃபோல்டரை மட்டும் காட்ட வேண்டும் என்றால் சர்வரில் அவரை அந்த அடைவுக்குள் அடைத்து வைக்கலாம். இதற்கு அடியில் ஓடும் கோப்புப் பரிமாற்றச் சேவையான எஸ்எஃப்டிபியை வாசிக்க மட்டும் என்றும் ஓட்டலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் தனி ஆளுக்கு இதைவிட நிம்மதியானதை நான் பார்க்கவில்லை. பத்துப் பேருக்கு மேல் போனால் சரிவராது.

அப்புறம், திரும்ப வாங்கும் நாள்

காலை பதினொரு மணிக்கு "இவருக்கு இனி அனுமதி இல்லை" என்று சொல்கிறார்கள். அவரோ அந்த நேரத்தில் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்.

என்எஃப்எஸ் இங்கே எதிர்பாராத விதத்தில் நன்றாக நடக்கிறது. மூன்றாம் பதிப்பில் திறந்து வைத்தல் என்ற நிலையே சர்வரிடம் கிடையாது. ஒவ்வொரு வாசிப்பும் எழுத்தும் தனிக் கோரிக்கை, ஒவ்வொன்றிலும் அனுமதி பார்க்கப்படும். அடைவின் அனுமதியை மட்டும் மாற்றினால் போதாது, கோப்பின் அனுமதியையே மாற்ற வேண்டும். மாற்றினால், ஏற்கெனவே அவருடைய கணினி எடுத்து வைத்திருப்பதைத் தவிர மற்றது நின்றுவிடும். ஆனால் கோப்புக்கு அவரே உரிமையாளர் என்றால் லினக்ஸ் சர்வர் அவரை விட்டுவிடும். உரிமையாளரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எஸ்எம்பியில் திறக்கும்போது கிடைத்த உரிமை மூடும் வரை நிற்கும். அனுமதிப் பட்டியலை மாற்றினாலும் திறந்திருக்கும் கோப்புக்கு அது தெரியாது. குழுவிலிருந்து நீக்கினால் அவர் மறுபடி உள்நுழையும்போதுதான் விளங்கும். கணக்கை முடக்கினாலும், முன்பே வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட் விண்டோஸ் டொமைனில் இயல்பாக 10 மணி நேரம் வரை செல்லும். ஆகவே வரிசை முக்கியம்: கணக்கை முடக்கு, ஷேரிலும் ஃபோல்டரிலும் அவருடைய பெயருக்கே மறுப்பு போடு, பிறகு சர்வரில் அவருடைய செஷனை (திறந்திருக்கும் இணைப்பை) மூடு. மறுப்பு ஒவ்வொரு புதுத் திறப்பிலும் பார்க்கப்படுவதால் பழைய டிக்கெட்டோடு திரும்ப வந்தாலும் வெளியேதான் நிற்பார். சாம்பாவிலும் குறிப்பிட்ட ஷேரின் இணைப்புகளை மூடக் கட்டளை உண்டு.

எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸில் பலர் தவறுவது பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டு எழுந்து போவதில்தான். பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பு வைத்து நுழைபவரை அது தடுக்காது. கணக்கையே காலாவதியாக்க வேண்டும், சாவியை நீக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய எஸ்எஸ்எச் செயல்களை நிறுத்த வேண்டும். மூன்றும் செய்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தக் கேள்விக்கு மூன்றிலும் சுத்தமான பதில் தருவது இதுதான்.

அந்த அலுவலகத்தில் நான் செய்தது இது. ஆட்கள் தொடும் கோப்புகளையெல்லாம் சாம்பாவுக்கு மாற்றினேன். ரெண்டர் செய்யும் நான்கு கணினிகளுக்கு மட்டும் என்எஃப்எஸ். அவற்றில் யாரும் உட்காருவதில்லை, ரூட் என் கையில் மட்டும். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை அழிப்பதை நிறுத்தினேன். காலாவதியாக்கி வைத்தால் எண் காலியாகாது. 1007இன் பெயரில் சர்வரில் இருந்த கோப்புகளை முழுக்கத் தேடி எடுத்து, அலுவலகத்துக்கு உரியதைப் பிரித்துவிட்டு, மீதியை ஒரு பென்டிரைவில் போட்டுப் போனவரிடமே சேர்த்தோம். சர்வரில் இருந்த பிரதியை அந்தப் புதிய பெண்ணின் முன்னாலேயே அழித்தேன்.